நிமிஷத்துக்கு அறுபத்திமூணு

இல்ல தம்பி, அந்த நாற்காலி வேண்டாம், அது ஆடினா கிறீச்சுன்னு கத்தும். இதுல உக்காருங்க. இந்த ரூம்ல ஒரு ஊசி விழுந்தாக்கூட எனக்குத் தெரியும், அப்படிக் கட்டியிருக்காங்க சுவரை. தம்பின்னு கூப்பிடலாம்ல? எங்க அக்கா பையனுக்கு உங்க வயசுதான் இருக்கும். இருக்கணும். பாத்து பதிமூணு வருஷம் ஆச்சு.

நீங்க சொன்னது எதையும் நான் மறுக்கல. மூணு தடவை உங்க புகார்ப் பிரிவுல அந்த ஒரு பாட்டோட விவரத்தை மாத்தினீங்க, மூணு தடவையும் நான் திருப்பி மாத்தினேன். நாலாவது தடவை போன் பண்ணாம ஆளையே அனுப்பிட்டாங்க. நல்லதாப் போச்சு. இந்த ரூமுக்கு ஆள் வந்து எத்தனை நாளாச்சு தெரியுமா? காப்பி மெஷினை ரிப்பேர் பண்ண வந்தவர்தான் கடைசி. அவரும் ரூம் மாறி வந்துட்டார்.

அவசரமா? இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள புகாரை முடிக்கணுமா? முடிச்சிரலாம். அந்த லேப்டாப்பை இப்படி வைங்க. நீங்க அந்தப் பட்டனை அமுக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு இடத்துல மட்டும் கை வைக்காதீங்கன்னு கேக்கப் போறேன். மத்ததெல்லாம் உங்க இஷ்டம். எந்த இடம்னு சொல்றேன், இருங்க. அதுக்கு முன்னாடி நான் என்ன வேலை பாக்கறேன்னு உங்களுக்குத் தெரியணும். உங்க பிரிவுல யாருக்கும் சரியாத் தெரியாது. ஒருத்தர் என்னை லிஃப்ட்ல பாத்து, நாள் பூரா பாட்டு கேக்கறதுக்குச் சம்பளமான்னு கேட்டார். ஆமாங்க, நீங்க நாள் பூரா போன் பேசறீங்களே, அதுக்குத் தர்றதில்லையான்னு கேட்டேன். அதுக்கப்புறம் அவர் படியில போறார்.

ஜனங்க போன்ல கேக்கறதுக்காக நம்மகிட்ட வர்ற ஒவ்வொரு ரெக்கார்டிங்குக்கும், அவங்க கண்ணுல படற மாதிரி, ஒரு அட்டை இருக்கு. அதுல மூணு கட்டம். கீ, டெம்போ, மூட். முதல்ல மெஷின் கேட்டு ரொப்பும். அப்புறம் நான் கேட்டு, சரியா தப்பான்னு பாப்பேன். அவ்வளவுதான். கேக்க லேசா இருக்கும். ஆனா மெஷினுக்குப் பொறுமை கெடையாது தம்பி. மெதுவா நடக்கற பாட்டைக் கேட்டா, ரெண்டு அடிக்கு நடுவுல ஒண்ணுமே இல்லையேன்னு பயந்து, நடுவுல ஒரு அடியை அதுவே போட்டுக்கும். நிமிஷத்துக்கு அறுபது அடி நடக்கற பாட்டுக்கு நூத்தி இருபதுன்னு எழுதி வைக்கும். நான் விரலால மேஜையைத் தட்டிக்கிட்டே கேட்டு, பாதியாக் குறைப்பேன். இந்த மேஜை ஓரத்துல பாருங்க, வார்னிஷ் போயிருக்கில்ல? அது என் விரல்தான். ரெண்டு வருஷம்.

மூட் கட்டம் இன்னும் கஷ்டம். லிஸ்ட்ல பன்னண்டே பன்னண்டு வார்த்தை. அமைதி, மகிழ்ச்சி, ஏக்கம், தனிமை, இப்படி. மனுஷனோட மொத்த மனசும் பன்னண்டுக்குள்ள அடங்கணும். பக்கத்து ரூம்ல ஒருத்தர் இருக்கார், பொறந்தநாள் பாட்டைக் குடுத்தாலும் ஏக்கம்னு போட்டுருவார். நாங்க அவரையே ஏக்கம்னுதான் கூப்பிடறது. ஏக்கம் இன்னிக்கு லீவு.

அந்த லிஸ்ட்டை நம்ம மொழிக்குக் கொண்டு வந்தது நான்தான். வெளிநாட்டுல பதினோரு வருஷம் இருந்துட்டுத் திரும்பி வந்தவளாச்சே, ரெண்டும் தெரியும்னு குடுத்தாங்க. பதினொண்ணு ஒரே நாள்ல முடிஞ்சுது. தனிமைங்கற ஒண்ணுக்கு மட்டும் ஒரு வாரம் ஆச்சு. அங்க அதுக்கு வேற வேற வார்த்தை இருக்கு. தனியா இருக்கப் பிடிச்சு இருக்கறவளுக்கு ஒண்ணு, தனியா விடப்பட்டவளுக்கு ஒண்ணு. தானே எல்லாத்தையும் கெடுத்துக்கிட்டுத் தனியா நிக்கறவளுக்கு அங்கயும் வார்த்தை இல்ல. கடைசில எல்லாரையும் ஒரே ரூம்ல போட்டு, தனிமைன்னு எழுதிட்டேன்.

சரி, சரி. புகாருக்கு வர்றேன்.

இதோ, இந்த ரெக்கார்டிங். நாலு பேர் வாசிக்கறது. ரெண்டு வயலின், ஒரு வயோலா, தரையில நிறுத்தி உக்காந்து வாசிக்கற பெரிய செல்லோ ஒண்ணு. வயோலா தெரியாதா? வயலினை விடக் கொஞ்சம் பெருசு, செல்லோவை விட ரொம்பச் சின்னது. வீட்டுல நடுப்பிள்ளை மாதிரி, அது அழுதாத்தான் அது இருக்கறதே தெரியும். இதுல நடுவுல வர்ற மெதுவான பகுதிக்குத்தான் புகார். நீங்க படிச்சுக் காட்டினீங்களே, அந்த ஆள் எழுதின மாதிரியே வச்சுக்குவோம். கீ தப்பு, மேஜர்ல முடியணும், மைனர்னு போட்டிருக்கீங்க. மூட் தப்பு, இது மகிழ்ச்சி இல்ல. டெம்போ ஐம்பத்தாறு இருக்கணும், அறுபத்திமூணுன்னு போட்டிருக்கீங்க. அதுக்குக் கீழயும் ஒரு வரி இருக்கு, அதை நீங்க படிக்கல. பரவால்ல, அதுக்கு அப்புறம் வரலாம்.

முதல்ல கீ. மேஜர்னா வெளிச்சமான வீடு, மைனர்னா கொஞ்சம் இருட்டான வீடுன்னு வச்சுக்கோங்க. குழந்தைக்குச் சொல்ற மாதிரி சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. இந்தப் பாட்டு முழுக்க இருட்டு வீட்டுலயே நடக்கும். கடைசில நாலு பேரும் சேந்து ஒரு சத்தம் எழுப்புவாங்க பாருங்க, அங்கதான் பாட்டை எழுதினவர் வெளிச்சத்தைக் கொண்டு வர்றார். அதுலயும் ஒரு குசும்பு. மத்த மூணு பேர் வாசிக்கறது வெறும் சுவரு. ஜன்னல் தொறந்திருக்கா, மூடியிருக்காங்கறது வயோலா வாசிக்கற ஒரே ஒரு சுரத்துலதான் இருக்கு. மேஜரா மைனரான்னு அந்த ஒருத்திதான் சொல்லணும்.

இந்த ரெக்கார்டிங்ல வயோலாக்காரி ஜன்னலை மூடிட்டா.

தப்பாத்தான் வாசிச்சா. அரை சுரம் கீழ. விரல் ஒரு நூல் அளவு நகந்திருக்கணும், நகரல. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த சவுண்ட் என்ஜினியர், கடைசி மட்டும் இன்னொரு தடவை போயிரலாமான்னு கேட்டார். வேண்டாம், இதுவே இருக்கட்டும்னுட்டா. எல்லாரும் அவளைத் திரும்பிப் பாத்தாங்க. அதனால பாட்டை எழுதி வச்ச தாள்ல மேஜர், ரெக்கார்டிங்ல மைனர். நாம அட்டை எழுதறது தாளுக்கு இல்லையே, காதுல விழறதுக்குத்தானே?

எனக்கு எப்படித் தெரியுமா? அன்னிக்கு அங்க இருந்தேன். அட, வயோலாக்காரி நான்தான் தம்பி. அட்டையில பேர் இருக்கே, பாக்கலையா? புகாரை மட்டும் படிச்சுட்டு ஓடி வந்திருக்கீங்க.

இல்ல, இப்ப வாசிக்கறதில்ல. கட்டிலுக்கு அடியில இருக்கு. துடைக்கும்போது பெட்டியை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் தள்ளுவேன், அவ்வளவுதான் எங்க ரெண்டு பேருக்கும் இருக்கற பழக்கம்.

செல்லோ எங்க அக்கா. முதல் வயலின் மீசைன்னு ஒருத்தர், மீசை இல்லாமலேயே அந்தப் பேரு. ரெண்டாவது வயலின் பல் டாக்டர். நிஜமாவே பல் டாக்டர்தான். வாசிக்கும்போது நாம பல்லைக் காட்டினா எண்ண ஆரம்பிச்சுருவார். நாங்க ஒண்ணும் பெரிய ஆளுங்க இல்ல. சனிக்கிழமை சனிக்கிழமை அக்கா வீட்டு சாப்பாட்டு மேஜையை ஓரமாத் தள்ளிட்டு வாசிப்போம். அப்படியே எட்டு வருஷம். அப்புறம் ஒரு சின்னக் கம்பெனி ரெக்கார்ட் போடறேன்னு வந்துச்சு.

எங்க அக்காவைப் பத்தி ஒண்ணு சொன்னா உங்களுக்குப் புரிஞ்சுரும். ரெண்டு புள்ளைங்க பொறந்தப்பறம் அவளுக்குன்னு ஒரு மணி நேரம் கிடைக்காது. காலைல அஞ்சு மணிக்கு எழுந்து, யாரும் முழிச்சுக்கக் கூடாதுன்னு செல்லோ கம்பிக்கு அடியில ஒரு பழைய பனியனைச் சொருகிட்டு வாசிப்பா. வர்ற சத்தம் யாரோ போர்வைக்குள்ள பேசற மாதிரி இருக்கும். எட்டு வருஷம் அந்தச் சத்தத்துலதான் தன் வாசிப்பை அவளே கேட்டுக்கிட்டிருந்தா. ரெக்கார்டிங் அன்னிக்குத்தான் முழுச் சத்தம். புதுச் செருப்பு போட்டுட்டு வந்தா, அது தரையில சத்தம் போடுதுன்னு கழட்டி வச்சுட்டு வெறுங்காலோட உக்காந்தா. இந்தப் பகுதி ஆரம்பிக்கறது செல்லோ மட்டும். தனியா. அதுக்காகத்தான் அவ வந்ததே.

ஸ்டூடியோ பன்னண்டு மணி வரைக்கும்தான் எங்களுக்கு. அப்புறம் வேற யாரோ வர்றாங்க. பதினொண்ணு அடிச்சப்போ மத்ததெல்லாம் முடிஞ்சு, இது மட்டும் பாக்கி. பத்து நிமிஷம் இடைவேளை விட்டாங்க. நான் தண்ணி குடிக்கப் போனேன். தண்ணி கேன் வெளிய வராந்தாவுல இருந்துச்சு. அங்க நிக்கும்போது போன் வந்துச்சு.

அம்மா அப்போ ஆஸ்பத்திரில. ஒரு மாசமா அப்படித்தான், நாங்க மாத்தி மாத்திப் பாத்துக்கிட்டோம். அன்னிக்கு ஒரு நாள் மட்டும் ரெண்டு பேரும் இல்ல. நர்ஸ்தான் பேசினாங்க. அம்மா உங்க ரெண்டு பேரையும் கேக்கறாங்க, அவசரம்னு சொல்ல மாட்டேன், ஆனா வந்தா நல்லதுன்னாங்க. இந்த வாக்கியத்தை நான் எத்தனை தடவை தட்டிப் பாத்திருப்பேன்னு எனக்கே தெரியாது. அவசரம்னு சொல்ல மாட்டேன். வந்தா நல்லது. நீங்களா இருந்தா என்ன அர்த்தம் எடுத்துக்குவீங்க?

ஆமா. நீங்க உடனே கிளம்பியிருப்பீங்க. எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க.

நான் கதவைத் தொறந்து உள்ள பாத்தேன். அக்கா வில்லுக்குப் பிசின் தேச்சுக்கிட்டிருந்தா. கால் கட்டை விரலை ஆட்டி ஆட்டி, தனக்குத் தானே முனகிக்கிட்டு. அவ முகத்துல அந்த மாதிரி ஒண்ணை நான் பாத்ததே இல்ல. பத்து நிமிஷப் பாட்டு, அவளுக்கு இது கிடைச்சுரட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்னு நினைச்சேன். போய் என் இடத்துல உக்காந்துட்டேன். யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லல.

இதோ, இந்தக் கோட்டைப் பாருங்க. இது மெஷின் போட்டது, வேகம் ஏறுது இறங்குதுன்னு காட்டும். ஆரம்பத்துல நேராப் போகுது பாருங்க, அது அக்கா. ஐம்பத்தாறு. ஒரு மயிரிழை பிசகாது. இங்க, இந்த இடத்துல கோடு மேல ஏறுதா? இங்கதான் வயோலா சேருது. அம்பத்தெட்டு, அறுபது, அப்புறம் அறுபத்தஞ்சு. மொத்தமாப் பாத்தா அறுபத்திமூணு. நடுவுல இருக்கற குரல்தான் தம்பி வேகத்தைப் பிடிச்சு வைக்கறது. நடுவுல ஒருத்தி இழுத்தா மேலயும் கீழயும் இருக்கறவங்க கூடவே வந்தாகணும். ஏதோ நல்லா இருக்கு, ஓட்டமா இருக்குன்னு அவங்க நினைச்சுக்கிட்டாங்க. பத்து நிமிஷத்துக்கு வரவேண்டியது ஒன்பது நிமிஷத்துல முடிஞ்சுது. ஒரு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல மிச்சம் பிடிச்சேன். கடைசிச் சுரத்துக்கு வரும்போது என் மனசு ஏற்கனவே கார்ல ஏறிடுச்சு. விரல் எங்க இருக்குன்னு யார் பாத்தா?

என்ஜினியர் இன்னொரு தடவைன்னு கேட்டப்போ வேண்டாம்னேன். அக்கா சிரிச்சா. உனக்கு எப்பவுமே சந்தோஷமா முடிக்க வராதுடின்னா. பல் டாக்டர்கூட, விடுங்க, ஒரு பல்லு போனா என்னன்னார்.

பெட்டியில வச்சு மூடும்போதுதான் சொன்னேன். அம்மா கேக்கறாங்களாம்னு. எப்ப போன் வந்துச்சுன்னு கேட்டா. இப்பத்தான்னு சொன்னேன்.

நாப்பது நிமிஷம் காரு. பாதி வழிலதான் பாத்தோம், செருப்பை ஸ்டூடியோவுலயே விட்டுட்டா. ஆஸ்பத்திரித் தரையில வெறுங்காலோட ஓடினா. பன்னண்டு அஞ்சுக்குப் போய் நின்னோம். அம்மா போனது பதினொண்ணு ஐம்பத்தாறுக்கு.

போன் வந்தது பதினொண்ணு பத்துக்கு. அப்பவே கிளம்பியிருந்தா பதினொண்ணு அம்பது. நீங்க மனசுக்குள்ள கணக்குப் போட வேண்டாம், நான் போட்டு வச்சிருக்கேன். ஆறு நிமிஷம் அம்மாகூட இருந்திருக்கலாம்.

அந்த நர்ஸ் நல்ல மனுஷி. ஆறுதலாத்தான் சொன்னாங்க, பதினொண்ணு பத்துக்கே உங்க தங்கச்சிகிட்டச் சொன்னேனேன்னு. அக்கா திரும்பி என்னைப் பாத்தா. கத்தல. அழல. ஒரே ஒரு கேள்வி கேட்டா. தெரிஞ்சுக்கிட்டேதான் வாசிச்சியா, கண்ணை மூடிக்கிட்டு, அவ்வளவு நிதானமா?

என்ன சொல்ல? உனக்காகத்தான்னு சொன்னா, பழியைத் தூக்கி அவ மடியில வச்ச மாதிரி ஆயிரும். அவ அதுக்கப்புறம் என்கூடப் பேசல. செல்லோவை யாருக்கோ குடுத்துட்டா. ரெக்கார்ட் வந்தப்போ கவரைக்கூடப் பிரிக்கலைன்னு மீசை சொன்னார். நான் ரெண்டு வருஷம் வாசல்ல நின்னு பாத்துட்டு, ஊரை விட்டே போயிட்டேன். எங்க வேணா இருக்கலாம்னு ஆனப்பறம் எங்க இருந்தா என்ன?

திரும்பி வந்து இந்த வேலைல சேந்தேன். ஒரு நாள் எண்ணூறு ரெக்கார்டிங் ஒண்ணா வந்துச்சு, அதுக்குள்ள இது. மெஷின் தனிமைன்னு போட்டிருந்துச்சு. மெதுவா இருக்கு, மைனரா இருக்கு, அதுக்கு வேற என்ன தெரியும்? நான் ஹெட்போனை மாட்டிக்கிட்டுக் கேட்டேன். முதல் எட்டு வரி செல்லோ மட்டும். பனியன் இல்லாம, முழுச் சத்தத்துல, வெறுங்காலோட எங்க அக்கா. அவளுக்கு ஒண்ணும் தெரியாது, அம்மா இருக்காங்க, தங்கச்சி பக்கத்துல இருக்கா. அதைக் கேட்டுட்டுத் தனிமைன்னு எப்படிப் போடறது? மகிழ்ச்சின்னு போட்டேன். அதனால, காலைல அஞ்சு மணிக்குக் கேக்கறவங்களுக்குன்னு நம்ம கம்பெனி போடற பாட்டு லிஸ்ட்ல போய்ச் சேந்துருச்சு. உங்க ஆளுங்க மாத்துவாங்க, நான் திருப்புவேன். அதுதான் அந்த மூணு தடவை.

இல்ல, சாதிக்க வரல. இப்ப வேணா மாத்திக்கோங்க. நெஜமாத்தான் சொல்றேன். மூட் கட்டத்துல என்ன வேணா போடுங்க. கீ கட்டத்துல மேஜர்னு போட்டாலும் சண்டைக்கு வர மாட்டேன், எழுதினவர் சந்தோஷப்படுவார். டெம்போல மட்டும் கை வைக்காதீங்க. அது அறுபத்திமூணாவே இருக்கட்டும்.

தெரியும். புகார் வந்தா அச்சுல இருக்கற நம்பரைப் போட்டு முடிக்கணும், அதானே உங்க விதி? சரி, அச்சுல பாருங்க. இந்தாங்க, தாளே இருக்கு. மேல என்ன போட்டிருக்கு? மெதுவாகன்னு மட்டும்தான். நம்பரே கெடையாது. எந்தப் பதிப்புலயும் கெடையாது.

அப்போ ஐம்பத்தாறு எங்கேருந்து வந்துச்சு? அதைத்தான் நானும் உங்க மெயில் வந்ததுலேருந்து பாத்துக்கிட்டிருக்கேன்.

அக்கா வீட்டுச் சமையல்கட்டுல ஒரு குழாய் சொட்டிக்கிட்டே இருக்கும். வாஷர் மாத்த ஆள் வரவே மாட்டார். மெதுவான்னா எவ்வளவு மெதுவான்னு நாங்க நாலு பேரும் ஒரு சனிக்கிழமை பூரா அடிச்சுக்கிட்டோம். கடைசில அக்கா, எல்லாரும் வாயை மூடுங்க, அந்தக் குழாயைக் கேளுங்கன்னா. கேட்டோம். தாளம் தட்டற மெட்ரோனோம் வச்சுப் பாத்தா ஐம்பத்தாறு. நாலு பேரும் பென்சில்ல எழுதிக்கிட்டோம். அதுக்கு அடுத்த மாசம் குழாயை மாத்திட்டாங்க. உலகத்துல அந்த நம்பர் தெரிஞ்சவங்க நாலே பேரு தம்பி. மீசை போன வருஷம் போய்ச் சேந்துட்டார். டாக்டருக்குப் பல்லுக்குப் போடற நம்பரைத் தவிர வேற நம்பர் நிக்காது. நான் இங்க உக்காந்திருக்கேன்.

இப்ப நீங்க படிக்காம விட்ட அந்தக் கடைசி வரியைப் படிங்க. வேண்டாம், நானே சொல்றேன், மனப்பாடம். நிஜமாகவே அறுபத்திமூணுதானா, தயவுசெய்து மறுபடி அளந்து சொல்லவும்.

அக்காதான். நிதானமா வாசிச்சியான்னு அன்னிக்குக் கேட்ட கேள்வியைத்தான் திருப்பிக் கேட்டிருக்கா, பதினஞ்சு வருஷம் கழிச்சு, புகார்ப் பெட்டியில போட்டு.

அதனால பதில் அனுப்பும்போது மன்னிப்பு, வருந்துகிறோம், அதெல்லாம் வேண்டாம். என் பேரும் வேண்டாம். அளந்து பாத்தோம், அறுபத்திமூணுதான்னு ஒரு வரி. அவளுக்குப் புரியும்.

கிளம்புங்க. போகும்போது கதவை நல்லா அமுக்கிச் சாத்திட்டுப் போங்க தம்பி, வெளிச் சத்தம் வந்தா தட்டறது தப்பாயிரும். மறுபடி அளந்து சொல்லவும்னு கேட்டிருக்காளே, அளக்காம எப்படிச் சொல்றது?